செட்ஜ்விக்கின் இருக்கை

கிளாசப்,
3 நவம்பர் 1978

அன்புள்ள மியூரியல்,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: நேற்று ஒரு காலி இருக்கையிடம் மன்னிப்புக் கேட்டேன். அதன் முன்னால் வைத்த தேநீரில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். போர்க்காலத்துப் பையன், சர்க்கரைக்கு ஏங்கியிருப்பான் இல்லையா?

நீ போனதற்கு என் கொட்டகையிலுள்ள விமானத் துண்டுகள்தான் காரணம் என்று தெருவே பேசுகிறது. திசைகாட்டி, எண்ணெய்த் தொட்டி, வளைந்துபோன விசிறி எல்லாவற்றையும் நீ பொறுத்தாய். மலைமேல் விழுந்த குண்டுவீச்சு விமானத்தின் விமானி இருக்கையைக் கொண்டுவந்து உன் தையல் இயந்திரம் இருந்த இடத்தில் வைத்ததும்தான் பெட்டியைக் கட்டினாய்.

அந்த விமானி செட்ஜ்விக் அங்கேயே இறந்தவர். அவர் நினைவாக மலையேறுபவர்கள் அடுக்கிய கற்குவியலின் பக்கத்தில்தான் இருக்கை கிடந்தது. இப்போது அவர் இருமுகிறார், மியூரியல். "செட்ஜ்விக்" என்று கூப்பிட்டால் ஒரு தடவை கூடுதலாக இருமுகிறார். பக்கத்து வீட்டுத் திருமதி பாட் சுவரைத் தட்டிக் கேட்டாள்: "ஏன் கிளிஃபர்ட், பொண்டாட்டி ஊருக்குப் போனதும் யாரைக் குடி வெச்சிருக்கே? சளிக்கு ஏதாவது வாங்கிக் குடுப்பா, பாவம்!"

நீ வந்தால் எல்லாம் அடங்கிவிடும் என்று தோன்றுகிறது. எப்போது வருவாய்?

உன்
கிளிஃபர்ட்


விட்பி,
8 நவம்பர்

அன்புள்ள கிளிஃபர்ட்,

கொட்டகைக்காக நான் கிளம்பவில்லை. அந்த இருமலை உங்களுக்கு முன்னாலேயே கேட்டுவிட்டேன். சொல்லியிருந்தால் சந்தோஷத்தில் அதற்கும் ஒரு தட்டு வைத்து விருந்து போட்டிருப்பீர்கள். துணி மடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள்தான் என்று நினைத்து, "மருந்து அலமாரியில இருக்கு" என்றேன். அப்போதுதான் கொட்டகையில் நீங்கள் சுத்தியலால் தட்டும் சத்தம் வந்தது.

ஆள் இறந்த இடத்திலிருந்து ஓர் ஆணியைக்கூட எடுப்பதில்லை என்பது விமானத் துண்டு சேகரிக்கும் உங்கள் சங்கத்தின் வழக்கம். அதனால்தானே அந்த இருக்கையை என் மேசைவிரிப்பில் சுற்றி, பின்வாசல் வழியாகக் கொண்டுவந்தீர்கள்?

அக்கா ஹில்டா தினமும் ஓதுகிறாள்: "இங்கயே இருந்துடுடி. அவனோட குடித்தனம் பண்றதும் பழைய இரும்புக் கடையில படுத்துத் தூங்கறதும் ஒண்ணுதான்." நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வையுங்கள். வைத்தால் வருகிறேன். இல்லையென்றால் தையல் இயந்திரத்தை இங்கே அனுப்பிவிடுங்கள்.

மியூரியல்


கிளாசப்,
15 நவம்பர்

அன்புள்ள மியூரியல்,

வைத்துவிட்டேன். துணி உலர்த்தும் கயிற்றால் முதுகில் கட்டிக்கொண்டு மலையேறினேன். வழியில் எதிர்ப்பட்ட இளைஞர் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "என்ன சார், மேல உக்கார இடம் கிடைக்காதுன்னு யாராவது சொன்னாங்களா?" என்றான் ஒருவன். நானும் சிரித்தேன். மூச்சு இருந்திருந்தால் பதிலும் சொல்லியிருப்பேன்.

மேலே மூடுபனி. கற்குவியலின் பக்கத்தில் இருக்கையை இறக்கி வைத்தேன். கால் கெஞ்சியது, ஆனாலும் அதில் உட்கார மனம் வரவில்லை, ஈரப்பாறையில்தான் உட்கார்ந்தேன். "தப்புத்தான், செட்ஜ்விக்" என்றேன். பனிக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. செம்மறியாடுகூடக் கத்தவில்லை.

கயிற்றை மட்டும் தோளில் சுற்றிக்கொண்டு இறங்கும்போதும் முதுகில் பாரம் குறையவே இல்லை. ஓடைப் பாலம் வரை அப்படியே. அங்கே கயிற்றை அவிழ்த்துத் தண்ணீரில் எறிந்த பிறகுதான் நிமிர முடிந்தது. (உனக்குப் புதுக் கயிறு வாங்கிவிட்டேன்.)

வீட்டில் இப்போது இருமல் இல்லை. அந்த அமைதிதான் இருமலைவிட மோசமாக இருக்கிறது. தையல் இயந்திரத்தைப் பழைய இடத்தில் வைத்து எண்ணெய் போட்டிருக்கிறேன். விமான எண்ணெய் இல்லை, சத்தியமாக.

உன்
கிளிஃபர்ட்


விட்பி,
20 நவம்பர்

அன்புள்ள கிளிஃபர்ட்,

சனிக்கிழமை பேருந்தில் வருகிறேன். ஹில்டா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், இருக்கட்டும். ஒரு பொருளை நீங்கள் திருப்பிக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. எனக்கு அது போதும்.

நிஜமாகவே வைத்தீர்களா என்று உங்கள் சங்கச் செயலர் க்ரெஷமிடம் தொலைபேசியில் கேட்டேன், கோபப்படாதீர்கள். அவர் போய்ப் பார்த்து, அடியில் பொறித்திருந்த எண்ணையும் சரிபார்த்திருக்கிறார். அது செட்ஜ்விக்கின் விமானத்து இருக்கையே இல்லையாம். ஓடைக்கு அந்தப் பக்கம் விழுந்த இன்னொரு விமானத்தினுடையது. மலையேறுபவர்கள் இழுத்துவந்து இந்தக் குவியலில் போட்டிருக்கிறார்கள். அந்த விமானத்தில் வந்த எல்லோரும் உயிரோடு நடந்தே இறங்கிவிட்டார்கள். அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தவர் பக்ஸ்டனில் விதைக்கடை வைத்திருக்கிறார்.

மியூரியல்