அம்மா படித்த தாள்

அன்புள்ள திருமலை அண்ணனுக்கு,

அடி அண்ணாமலையிலிருந்து உன் தங்கை நந்தினி எழுதுவது. மஸ்கட்டில் நீயாவது நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. வீட்டிலிருந்து போனில் சொல்லலாம் என்றால், உன் போன் என்றாலே அம்மா எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள், ஆனால் நான் பேசுவது அங்கேயும் கேட்கும். கம்ப்யூட்டர் கிளாஸிலிருந்து பேசினால் எல்லார் முன்னாலும் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் நல்ல கூட்டம். நம் கடையில் டீ நன்றாக ஓடியது. அம்மா டீ ஊற்றும்போது டம்ளருக்குள் விரலை விட்டுக்கொள்கிறாள், சூடு பட்டதும் நிறுத்துகிறாள். ஏம்மா இப்படி என்றால், "எத்தினி வருசமா ஊத்தறேன், எனக்குத் தெரியாதா? போடி" என்று எரிந்து விழுந்தாள். நானும் விட்டுவிட்டேன்.

விண்டோஸ் புரோகிராமிங் கிளாஸ் எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். பட்டன், மெனு எல்லாம் முடிந்து, இப்போது படம் வரைவது, ஃபான்ட், பிரின்ட் எடுப்பது. பயிற்சிக்கு மற்றவர்கள் கடை பில் போட்டார்கள். நான் உன் கடிதங்களைப் போட்டேன். வாட்ஸப்பில் நீ அனுப்புவதை அம்மா படிக்கிற மாதிரி அச்சடிக்கும் புரோகிராம். எழுத்தைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது அண்ணா. தடிமன் வேண்டும், இடைவெளி வேண்டும், மேலே புள்ளி வெட்டுப்படக் கூடாது. ஒருநாள் புரோகிராமில் பிரின்டரிடம் இன்னும் பக்கம் இருக்கிறது என்று சொன்னவள், முடிந்தது என்று சொல்ல மறந்துவிட்டேன். தாள் தீருகிற வரை துப்பித் தள்ளியது. ராமகிருஷ்ணன் சார் ஓடி வந்து ஒயரைப் பிடுங்கினார். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

நான் படித்துக் காட்டினால் அம்மா கேட்கமாட்டாள். அப்பா போனபோது கொரோனா, விமானமெல்லாம் நின்றுவிட்டது, உன்னால் வர முடியவில்லை. அப்பாசாமி சித்தப்பாதான் கொள்ளி வைத்தார். அன்றைக்கு ஊர் முன்னால் சொன்னாளே, "கொள்ளி வைக்க வராதவன் குரல் இனிமே என் காதுல விழக்கூடாது"னு. உன் மேல் தப்பில்லை என்று அவளுக்கு அப்போதே தெரியும். சொன்னதை விழுங்கத் தெரியாத பிறவி! குரல்தானே கூடாது, எழுத்தைப் படிக்கலாம் என்று அவளே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டாள். நான் வாசித்தால் அது நீ பேசுகிற மாதிரி ஆகிவிடுமாம். தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போவாள். திரும்பி வரும்போது முகம் கழுவியிருப்பாள்.

அம்மாவுக்குப் பார்வை மங்க மங்க எழுத்து பெரிதாகிக்கொண்டே போனது. தாளுக்கு நாலு வரி இருந்தது, பிறகு ஒரே வார்த்தை. கறுப்பின் மேல் வெள்ளை எழுத்து இன்னும் நன்றாகத் தெரியும் என்று கண் டாக்டர் சொன்னார். போன வாரம் அப்படி மாற்றினேன். ஸ்க்ரீனில் பளிச்சென்று இருந்தது. கிளாஸ் மூடுகிற நேரம், கவிழ்ந்தபடி வந்த தாள்களை அப்படியே பையில் திணித்து, பஸ் பிடித்து வந்து அம்மா கையில் கொடுத்தேன்.

வெகுநேரம் உள்ளே இருந்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "நல்லா எழுதியிருக்கான். உடம்பு தேவலாமாம். லீவு கேட்டிருக்கானாம்" என்றாள். நீ லீவு பற்றி எழுதவே இல்லையே என்று உள்ளே போய்த் தாளை எடுத்துப் பார்த்தேன். அத்தனையும் வெற்றுத் தாள். ஸ்க்ரீனில் பின்னால் கறுப்பு இருந்தது, தாளில் கறுப்பு அடிக்க நான் சொல்லவில்லை. வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து. "ஸ்க்ரீன் வேற, பேப்பர் வேறம்மா"னு சார் தலையில் அடித்துக்கொண்டு சொல்வார். என் மண்டையில் ஏறவில்லை.

ஒன்றுமில்லாத தாளை வைத்துக்கொண்டு அழுதிருக்கிறாள் அண்ணா. எப்போதிலிருந்து இப்படி என்று தெரியவில்லை. போன மாதம் நீ எழுதியதையாவது படித்தாளா? கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண் நரம்பு போய்விட்டது, இனி எதுவும் செய்வதற்கில்லை என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு பூட்டுதுன்னு அவன்கிட்ட சொல்லாத. எழுதறத நிறுத்திடுவான்" என்றாள். சொல்லமாட்டேன் என்றுதான் சொன்னேன்.

நான் படித்த படிப்பு அவளுக்கு உதவவில்லை. எவ்வளவு பெரிதாக அச்சடித்து என்ன? அவளுக்கு மிச்சம் இருப்பது காது ஒன்றுதான். அதையும் அவளே உனக்கு அடைத்து வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. ஸ்பீக்கரில் போடுகிறேன். எழுந்து போவாள், வாய்க்கு வந்தபடி திட்டுவாள், நீ வைத்துவிடாதே. அவள் கேட்பாளா என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் பேசு. அண்ணாமலையார் உன் நாக்கில் நல்ல சொல்லைக் கொடுக்கட்டும். லீவு கேட்டிருக்கிறேன் என்று மட்டும் மறக்காமல் சொல். அது அவள் படித்த கடிதத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் தங்கை
நந்தினி