சவுனாவில் அடைத்த கோழிகள்

வடக்கு மினசோட்டா,
ஜனவரி 16, 1978

அன்புள்ள ஐலி அத்தைக்கு,

மூட்டுவலி எப்படி இருக்கிறது? இங்கே குளிர் ஆளைக் கொல்கிறது. எடுக்கக் கொஞ்சம் தாமதமானால் முட்டை உறைந்து ஓடு வெடித்துப்போகிறது. கோழிகளின் கொண்டை கறுக்க ஆரம்பித்ததும் மனசு கேட்கவில்லை. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டுபோய் நம் சவுனா நீராவிக் குளியல் குடிசையில் அடைத்தேன். அடுப்புச் சூடு கொஞ்சம் மிச்சமிருக்குமே.

சனிக்கிழமைக் குளியல் என்பதே எனக்கு மறந்துபோச்சு. உங்கள் பிள்ளை அர்வோ குடித்துவிட்டுக் குளிக்க வந்தான். "சவுனாவுல பீ நாத்தமாடி?" என்று ஒவ்வொன்றாகக் கழுத்தைத் திருகிப் பனியில் வீசினான். தடுத்த என்னை விறகுக்கட்டையால் அடித்தான். இடது கையைத் தூக்க முடியவில்லை. பாதிக் கோழி போச்சு. நீங்கள்தான் அவனைக் கண்டிக்க வேண்டும்.

உங்கள் மருமகள்,
மார்லிஸ்

டுலூத்,
ஜனவரி 19

அன்பு மார்லிஸ்,

கோழியைக் கொண்டுபோய் சவுனாவில் அடைப்பாளா ஒருத்தி? அர்வோவை நான் பெற்றது அந்தக் குளியல் பலகை மேல்தான். அவன் அப்பா செத்தபோது குளிப்பாட்டியதும் அங்கேதான். அதில் எச்சம் கிடந்தால் எந்த ஆம்பளைக்கும் கோபம் வரத்தான் செய்யும். கோழிக் கொட்டகையில் ஈரம் சேராமல் மேல் ஜன்னலைத் திறந்து வை. உலர்ந்த வைக்கோல் போடு, கொண்டையில் கொழுப்புத் தடவு. குளிரை அதுகள் தாங்கும்.

நீயும் கொஞ்சம் பொறுத்துப் போ. அவன் கெட்டவன் இல்லை, குடிதான் கெட்டது.

அத்தை ஐலி

ஜனவரி 24

அத்தைக்கு,

சொன்னபடி ஜன்னலைத் திறந்தேன். மிச்சக் கோழிகள் தேறிவிட்டன, அதற்கு நன்றி. பொறுத்துப் போகச் சொன்னீர்களே, அதற்கு நன்றி கிடையாது.

நேற்று முட்டைகளைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். உங்கள் கடிதம் அவன் கண்ணில் பட்டிருக்கிறது. வழிமறித்து, "எங்கம்மாவுக்கு இன்னும் என்னென்னடி எழுதின?" என்று வயிற்றில் உதைத்தான். முட்டையெல்லாம் உடைந்து வழிந்து துணியோடு உறைந்தது. தொண்டையைப் பிடித்து நெரித்தான். கைக்கு எட்டியது கோடாலி. மழுங்கின பக்கத்தால் தோளில் போட்டேன். அலறிக்கொண்டே டிரக்கை எடுத்துக்கொண்டு போனான்.

உங்களிடம்தான் வருவான். கட்டுப் போடுங்கள், சூப் கொடுங்கள், உங்கள் பிள்ளை. ஆனால் சமாதானம் பேசி இங்கே திருப்பி அனுப்பினீர்களானால், அடுத்த தடவை கூரான பக்கத்தால்தான் போடுவேன். சத்தியம்.

மார்லிஸ்

டுலூத்,
ஜனவரி 30

என் மார்லிஸ்,

வந்தான். கட்டுப் போட்டேன், மீன் சூப் வைத்தேன். நீ ராட்சசி என்று அழுதான். நம்பத்தான் பார்த்தேன்.

மறுநாள் பாட்டிலை ஒளித்து வைத்தேன். பெற்றவள் என்றுகூடப் பார்க்காமல் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினான். முன்பல் போச்சு. கண்ணைத் திறந்தால் அவன் அப்பாவே நிற்கிற மாதிரி இருந்தது. அந்த மனுஷன் அடித்தபோதெல்லாம் பனியில் வழுக்கி விழுந்தேன் என்றுதான் டாக்டரிடம் சொல்வேன். அவரும் நம்பின மாதிரி எழுதிக்கொள்வார்.

இந்தத் தடவையும், "மறுபடி வழுக்கிட்டீங்களா, ஐலி?" என்று கேட்டார். வாயெல்லாம் ரத்தம். "இல்லைங்க, என் பிள்ளை அடிச்சான். அவன் பொண்டாட்டியையும் அடிச்சான். போலீசைக் கூப்பிடுங்க" என்றேன்.

அவன் இப்போது உள்ளே இருக்கிறான். உனக்காகச் சாட்சி சொல்ல வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். காபி சூடாகப் போட்டு வை. பல் இல்லை, ரொட்டியை நனைத்துத்தான் தின்ன வேண்டும்.

ஐலி