இரண்டு பேருக்கு நடுவில் விழுந்த பந்து

டீச்சர்,

இன்று சாயங்காலம் தூறல் போட்டது. முடிச்சூரில் நான் இப்போது இருக்கும் பிளாட்டுக்குப் பின்னால், இன்னும் வீடு கட்டாத மனை ஒன்று இருக்கிறது. அதில் பிள்ளைகள் நெட் கட்டி வாலிபால் ஆடுகிறார்கள். சுண்ணாம்புப் பொடியில் போட்ட கோட்டின் மேல் தூறல் விழுந்ததும் அந்த வாசனை முதல் மாடி பால்கனி வரைக்கும் ஏறி வந்தது. வெந்த மண்ணும் சுண்ணாம்பும் கலந்த வாசனை. உங்கள் பள்ளிக்கூட கிரவுண்டின் வாசனை. கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதுதான் அந்தக் குரல்கள் கேட்டன.

"வுடு!" என்றாள் ஒருத்தி. "வுடு!" என்றாள் இன்னொருத்தி. இரண்டு பேரும் விட்டார்கள். பந்து நடுவில் தொப்பென்று விழுந்தது.

"நான் எடுக்கறேன்னுதான்டி வுடுன்னேன், லூசு!"

"நானும் அதுக்குத்தான்டி சொன்னேன்!"

அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் போய் இரண்டு மாதமாகிறது. கேளம்பாக்கத்தில் உங்கள் மகன் வீட்டு வாசலில் மற்றவர்களோடு நின்றுவிட்டு வந்தேன். அங்கே சொல்லவேண்டியதை அங்கே சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் முதலில் உங்கள் கிரவுண்டுக்குள் வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்குமா? வந்தேன் என்று சொல்ல முடியாது. மறைமலை நகரில் முதல் ஷிப்ட் முடிந்து, தாம்பரத்தில் ரயில் இறங்கி, ஸ்டாண்டில் இருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போகிறவன், மதில் ஓரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. "கைய மடக்காதேம்மா, பலகை மாதிரி வை!" என்று கத்திவிட்டேன். நீங்கள் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு மதில் பக்கம் வந்தீர்கள்.

"யாருங்க நீங்க? சொல்றதுன்னா கேட்டு வழியா உள்ள வந்து சொல்லுங்க. இல்லன்னா போயிட்டே இருங்க."

உள்ளே வந்தேன். எங்கே பயிற்சி எடுத்தேன் என்று கேட்டீர்கள். எங்கேயும் இல்லை, நானே கற்றுக்கொண்டேன் என்றேன். பிளாட்பாரக் கடையில் வாங்கிய ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகம், அதிலுள்ள படங்கள், கம்பெனி ஷெட்டின் பின்சுவர். இவைதான் என் குரு. நீங்கள் சிரித்தீர்கள். "செவுரு நல்ல கோச்தாண்ணா. திருப்பி அடிக்கும், ஆனா திட்டாது." அன்றிலிருந்து நான் உங்களுக்கு அண்ணா. பிள்ளைகளுக்கு ஷிப்ட் சார். ஒரு வாரம் காலையில் வருவேன், மறுவாரம் மாலையில் வருவேன் என்பதால் வைத்த பெயர்.

சண்டை இரண்டாம் நாளே ஆரம்பித்துவிட்டது. நீங்கள் முறையாகப் படித்தவர். ஒரு திறமையைச் சொல்லிக்கொடுக்கும்போது முதலில் முழுதாகச் செய்துகாட்ட வேண்டும், பிறகு பிரித்துக் காட்ட வேண்டும், கடைசியில் மறுபடியும் சேர்க்க வேண்டும் என்பீர்கள். நான் ஃபிட்டர். எனக்கு முதலில் பாகம், அப்புறம்தான் மெஷின். ஒரு வாரம் கால் வைப்பது மட்டும், மறுவாரம் முழங்கால் மட்டும். பந்தே கொடுக்காமல் பிள்ளைகளைப் பத்து நாள் நிற்க வைத்தேன். "அண்ணா, பந்தைக் கண்ணுல காட்டுங்க. இல்லன்னா நாளைக்கு எல்லாம் கோகோ ஆடப் போயிடும்" என்றீர்கள். இந்த விஷயத்தில் இன்றும் நான் சொன்னதுதான் சரி. நீங்கள் இப்போது மறுத்துப் பேச முடியாது என்பதற்காகச் சொல்லவில்லை. இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் நன்றாகத்தான் நடந்தது. பிள்ளைகளின் முன்கையில் சாக்பீஸால் ஒரு பட்டை வரைவேன். பந்து அந்தப் பட்டையை அழிக்க வேண்டும். விரலில் பட்டாலோ மணிக்கட்டில் பட்டாலோ கணக்கில் இல்லை. வேப்பமரக் கிளையில் சைக்கிள் டியூபைக் கட்டி அதில் பந்தைத் தொங்கவிட்டோம். எகிறி அடித்தால் பந்து போய்த் திரும்பி வரும். அது உங்கள் யோசனை. ஸ்கார்ஃபைக் காதுக்குப் பின்னால் நாலு பின் குத்தி இறுக்கிக்கொண்டு பர்வீன் அதை அடிப்பாள். மேலே விமானப்படை விமானம் ஒன்று வட்டமடிக்கும். பந்தும் ஆடும், கிளையும் ஆடும், நிழலும் ஆடும். சில மத்தியானங்களில் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் இடையில் அந்தப் பந்து என் அறைக்குள் மெதுவாக ஆடிக்கொண்டிருக்கிறது. யாரும் அடிக்காமலே ஆடுகிறது.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

பின்கோட்டில் இரண்டு பேருக்கு நடுவில் பந்து வந்தால், எடுக்கப்போகிறவள் "என்னுது" என்று கத்த வேண்டும். இது நீங்கள் வைத்த சட்டம். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. "ஆடற இடத்துல என்னுது உன்னுதுன்னு என்ன டீச்சர், பாகப்பிரிவினையா நடக்குது?" என்று கேட்டேன். "விடு" என்று சொன்னால் போதும். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ விடு. அதில் ஒரு மரியாதை இருக்கிறது என்றேன். நீங்கள் சுண்ணாம்புக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்:

"அண்ணா, ரெண்டு பேரும் என்னுதுன்னா இடிச்சுக்குவாங்க, பந்து விழாது. ரெண்டு பேரும் விடுன்னா இடிச்சுக்க மாட்டாங்க. பந்து விழுந்துடும்."

நான் நெட் கயிற்றை இழுத்துக் கட்டப் போய்விட்டேன். பதில் இல்லாதபோது நான் ஒப்புக்கொள்வதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

மண்டலப் போட்டிக்கு முந்தைய வாரம் நீங்கள் பரீட்சை டியூட்டிக்குப் போய்விட்டீர்கள். கிரவுண்ட் என் கையில் இருந்தது. அந்த ஆறு நாளில் பிள்ளைகளின் வாயிலிருந்து "என்னுது" என்ற சொல்லை அழித்துவிட்டு "விடு" என்பதைப் போட்டேன். "டீச்சர்கிட்ட சொல்லாதீங்க. மேட்ச்ல பாத்து அசந்து போகட்டும்" என்றேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

போட்டியன்று என்னைக் கோச் பெஞ்சில் உட்கார விடவில்லை. சான்றிதழ் உள்ள ஒருவருக்குத்தான் இடம் என்றார்கள். நீங்கள் போய்ப் பேசினீர்கள், நடக்கவில்லை. கயிற்றுக்கு வெளியே, ஐஸ் வண்டிக்காரர் பக்கத்தில் நின்றேன். கடைசி செட். ஒரு பாயிண்ட் போனால் தோல்வி. எதிர்ப்பக்கத்துப் பெண் பந்தை உயரமாகத் தூக்கி அனுப்பினாள். அது இன்னும் என் கண்ணில் இறங்கி முடியவில்லை டீச்சர். வெள்ளை வெயிலில், அவசரமே இல்லாமல், ஏதோ யோசித்துக்கொண்டு வருவதைப்போல வந்தது. கீழே பர்வீனும் கலைச்செல்வியும். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள். சொன்னதைச் செய்கிறவர்கள்.

"விடு!" என்றாள் பர்வீன்.

"விடு!" என்றாள் கலை.

இருவரும் ஒரே நேரத்தில் கையை இறக்கினார்கள். புழுதி கணுக்கால் உயரம் எழும்பி அடங்கியது. நீங்கள் பெஞ்சிலிருந்து எழுந்தீர்கள். பந்தைப் பார்க்கவில்லை, பிள்ளைகளைப் பார்க்கவில்லை. திரும்பி, கயிற்றுக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்தீர்கள். ஒரு கணம்தான்.

தலைமையாசிரியை அங்கேயே கேட்டார். "எவ்வளவு நல்லா ஆடிட்டிருந்தாங்க! இப்படிக் கத்த யாரு சொல்லிக் குடுத்தது?"

"நான்தான் மேடம்" என்றீர்கள். "பரீட்சை டியூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி நான்தான் மாத்தினேன்."

அது என் காதில் விழுந்தது. எனக்கு என்ன வந்தது தெரியுமா? கோபம். பெஞ்சும் இவருக்கு, பேரும் இவருக்கு, கடைசியில் என் தப்பைக்கூட இவர் பேரிலேயே போட்டுக்கொள்கிறார் என்று. உங்களிடம் சொல்லாமல் ரயில் ஏறிப் போனேன். அடுத்த வருடம் வாலிபாலை உங்களிடமிருந்து எடுத்து, புதிதாக வந்தவரிடம் கொடுத்தார்கள். உங்களுக்குக் காலை வழிபாடும் அணிவகுப்பும். நான் மட்டும் வழக்கம்போல கேட்டு வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தேன். இன்னும் ஆறு வருடம் போனேன். லெஃப்ட், ரைட் என்ற உங்கள் குரல் கிரவுண்டின் அந்தக் கோடியிலிருந்து வரும். நான் இந்தக் கோடியில் பர்வீனுக்குப் பின் வந்த பிள்ளைகளின் கையில் சாக்பீஸ் பட்டை போட்டுக்கொண்டிருப்பேன். நம்முடைய கிரவுண்ட் அவ்வளவு நீளமானது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அதன் பிறகு நாம் சந்தித்தபோதெல்லாம் நான் பெஞ்சைப் பற்றியே பேசினேன். என்னை அன்று உட்கார வைத்திருந்தால் ஒரு டைம் அவுட் கேட்டிருப்பேன், ஜெயித்திருப்போம் என்று. போன ஆடியில் தாம்பரம் பஸ் ஸ்டாப்பில் கடைசியாகப் பார்த்தபோதும் அதேதான். கண் டாக்டரிடம் வந்திருந்தீர்கள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தீர்கள்.

"பாத்தீங்களாண்ணா, ஹீரோயின் மாதிரி கீறேன் இல்ல?" என்று பிள்ளைகளின் பாஷையில் கேட்டீர்கள்.

நான் சிரிக்கவில்லை. "அன்னைக்கு மட்டும் என்னைப் பெஞ்சுல..." என்று ஆரம்பித்தேன்.

"விடுங்கண்ணா" என்றீர்கள்.

எனக்குச் சுருக்கென்றது. என் வாழ்க்கையில் ஒரே ஒரு குறை, அதைச் சொல்லக்கூட உரிமை இல்லையா என்று நினைத்தேன். கேளம்பாக்கம் பஸ் வந்தது. கண் சரியாகத் தெரியாத உங்களைப் படியில் ஏற்றிவிடாமல் நான் திரும்பி நடந்துவிட்டேன். கூட்டத்தில் யாரோ ஏற்றிவிட்டிருப்பார்கள்.

உங்கள் மகன் வீட்டு வாசலில் பர்வீன் நின்றிருந்தாள். அவளும் இப்போது ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். தலைமுடி நரைத்திருக்கிறது, ஸ்கார்ஃபுக்கு அதே நாலு பின். அவளிடமும் நான் பெஞ்சைத்தான் ஆரம்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"சார், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு டீச்சர் உங்க பேரைச் சொல்லியிருந்தா, வெளியாள் வந்து பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுத்தாருன்னு உங்களக் கேட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டாங்க. எங்க கிட்டயும் டீச்சர் சொல்லி வச்சிருந்தாங்க, யாரும் வாயத் திறக்கக் கூடாதுன்னு. உங்களுக்குத் தெரியும்னுதான் சார் இத்தனை வருஷமா நினைச்சுகினு இருந்தேன்."

எனக்குத் தெரியாது, டீச்சர். அல்லது, தெரிந்துகொள்ள நான் உட்காரவே இல்லை.

இரண்டு மாதமாக அந்த பஸ் ஸ்டாப்பில்தான் நின்றுகொண்டிருக்கிறேன். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் உங்கள் கண் எந்தப் பக்கம் பார்த்தது என்று யோசிக்கிறேன். "விடுங்கண்ணா" என்றீர்கள். போனது போகட்டும் என்று சொன்னதாக நினைத்தேன். ஆனால் அந்தச் சொல்லுக்கு கிரவுண்டில் நான் கொடுத்த அர்த்தம் வேறு. நான் எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் விடுங்கள் என்பது. நீங்கள் எதிர்த்த என் சொல்லை, நான் சொல்லிக்கொடுத்த அர்த்தத்திலேயே, நம் இரண்டு பேரில் ஒழுங்காகப் பயன்படுத்தியது நீங்கள் ஒருவர்தான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கீழே மறுபடியும் பந்து உயர்ந்தது. தூறல் நின்று, மஞ்சள் வெளிச்சம் மனை முழுவதும் பரவியிருந்தது. பந்து அதில் மெதுவாக, அதே மாதிரி, அவசரமே இல்லாமல் இறங்கியது. அந்த இரண்டு பெண்களும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தார்கள். என்ன சொல்லப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். இந்த வயதில் எனக்கு அவ்வளவு குரல் இருக்கிறது என்று நானே நினைக்கவில்லை.

"என்னுது!"

இரண்டு பேரும் திடுக்கிட்டு மேலே பார்த்தார்கள். பந்து விழுந்து உருண்டு ஓடியது.

"இன்னா தாத்தா உன்னுது?" என்று கேட்டாள் ஒருத்தி. "பந்தா?"

ஆமாம் டீச்சர். அந்தப் பந்துதான்.