புதன்கிழமை வட்டத்தில் அப்பா சொன்னது

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. அன்புள்ள என்று எழுதிப் பழகிய கை, அதனால் எழுதிவிட்டது, மற்றபடி உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நாங்கள் இரண்டு பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இரு. மனசு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை, அது உன் படிப்பு.

போனில் பேசலாமே என்பாய். போன வாரம் நான் கத்திய கத்தலுக்கு நீ என்ன சொன்னாய்? "அம்மா, நீங்க ரொம்பக் கோபமா இருக்கீங்கன்னு எனக்குப் புரியுது." நான் கோபமாக இருப்பது எனக்குத் தெரியாதா? நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்ல ஒரு காலேஜா? பிறந்ததிலிருந்து நீ, வா, போ என்று பேசிய பிள்ளை இப்போது நீங்க என்கிறாய், வார்டில் கிடக்கிறவளிடம் பேசுகிற மாதிரி. "சும்மா கத்தாதம்மா" என்று பதிலுக்கு நீயும் ஒரு சத்தம் போட்டிருந்தால் பாதி அப்போதே ஆறியிருக்கும்.

அப்பாவின் பஸ்ஸில் அந்த சைக்கிள்காரர் அடிபட்டு இறந்து எட்டு மாதம் ஆகிறது. ஆபீஸில் விசாரித்து அவர் மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகும் மனுஷன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை, காலையில் எழுந்து காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருப்பார், கேட்டதற்குத் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். நீயோ நடந்த இரண்டாவது வாரமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனநோய் நர்ஸ் படிப்புக்குப் போய்விட்டாய், சொந்த வீட்டில் ஒரு மனசு கிடந்து தவிக்கும்போது ஊரார் மனசைப் பார்க்க. நான்தான் வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் அவர் மேல் தப்பில்லை, தப்பில்லை என்று தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ என்னை ஒரு வார்த்தை கேட்காமல், இங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற உன் சீனியர் நர்ஸிடம் பேசி அவரைப் புதன்கிழமைதோறும் கூடி மனசுவிட்டுப் பேசுகிற குழுவில் சேர்த்துவிட்டாய். சரி, போனார். நான் ஐந்து வாரம் நடையில் பெஞ்சில் உட்கார்ந்து கூலிக்கு வாங்கிய யூனிஃபார்ம் சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஆறாவது வாரம் வீட்டு ஆட்களும் உள்ளே வரலாம் என்றார்கள், போனேன், வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

வட்டமாகப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது, இங்கே பேசியது இங்கேயே இருக்க வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருந்தது. மற்றவர்கள் சொன்னதை நான் எழுத மாட்டேன், என் வீட்டுக் கதையை எழுத எனக்கு யார் உத்தரவும் வேண்டாம். உன் நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "உங்க பொண்ணு சொல்லியிருக்காங்க, நீங்க அவரைப் பேச விடறதில்லையாமே" என்றாள். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. பெற்றவளிடம் சொல்ல வேண்டியதை மூன்றாம் மனுஷியிடம் சொல்லியிருக்கிறாய்.

அப்புறம் ஒரு காலி நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு, அந்த சைக்கிள்காரர் இதில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பேசுங்கள் என்றாள். இதென்ன கூத்து என்று நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா பேச ஆரம்பித்துவிட்டார். "தப்பில்ல தப்பில்லன்னு இவ ஊரெல்லாம் சொல்றா, அதைக் கேக்கக் கேக்கத்தான் எனக்கு வாய் கட்டிப் போச்சு. அன்னைக்குக் காலைல வீட்ல சண்டைங்க. அந்த யோசனையிலயே ஓட்டிட்டு வந்தேன். ஒரு நிமிஷம் உங்களைப் பாக்காம விட்டுட்டேன்." சொல்லிவிட்டு ஓவென்று அழுதார். எட்டுப் பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அதில் முடி வெட்டுகிற ஒருவர், "என்ன சண்டைங்க?" என்று கேட்டார். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சாப்பாட்டுல உப்பில்ல, வேறொண்ணுமில்ல" என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் தனியாக வந்தார். எப்போதும் ஆட்டோவில்தான் போய்வருவோம், எப்படி வந்தீர்கள் என்றேன். "பஸ்லதான். பின் சீட்ல உக்காந்துகிட்டேன்" என்றார். இத்தனை மாதத்தில் பஸ் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்துகிறவர். எனக்கு சந்தோஷம் வரவில்லை, வயிறுதான் எரிந்தது, நான் சமைத்துப் போட்டுக் காவல் காத்ததற்கு வாய் திறக்காதவர் முன்பின் தெரியாத எட்டுப் பேருக்குத் திறந்தாரே என்று. ஏன் உப்பு என்று பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். "புள்ளைய அங்க எதுக்கு இழுக்கணும்" என்றார்.

சண்டை உன்னைப் பற்றியதுதான். எனக்குத் தெரியாமல் உன் படிப்புப் படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டது அன்று காலைதான் எனக்குத் தெரிந்தது. வாசல்வரை விரட்டிக்கொண்டு போய்க் கத்தினேன், வேலைக்குக் கிளம்புகிற மனுஷனிடம் சொல்லக் கூடாத ஒரு வார்த்தையும் சொன்னேன். தப்பில்லை என்று நான் ஊருக்குச் சொன்னதில் பாதி எனக்காகச் சொல்லிக்கொண்டது. உன்னால் என்று நான் சொல்லவில்லை, நீயும் அப்படி எடுத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்து அழாதே. வருகிற புதன்கிழமை நானும் உள்ளே போய், சண்டை உப்புக்காக இல்லை, இதற்காகத்தான் என்று அந்த எட்டுப் பேரிடமும் சொல்லப் போகிறேன். அது உன் நர்ஸ் வாயால் உனக்கு வருவதற்கு முன்னால் என் கையால் வரட்டும் என்றுதான் இந்தக் கடிதம். நீ எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்ய மாட்டேன்.

பரீட்சையை ஒழுங்காக எழுது, நல்ல பேர் எடு, தீர்க்காயுசாக இரு. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு போன் பண்ண மறக்காதே, காலையிலிருந்தே போனைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத
உன் அம்மா