பெட்டியில் கேட்ட வாய்ப்பாடு

சேலம்
12-8-1986

அன்புள்ள அப்பாவுக்கு,

சித்தப்பா வீட்டில் தங்கிப் படிக்கும் இன்பமேரி எழுதுவது. நான் நலம். இரவெல்லாம் டாக்சி ஓட்டும் தங்கள் முதுகுவலி குறைந்ததா? அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது? எல்லோரும் தூங்கியபின் எழுதுகிறேன். சித்தப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

வாங்கி விற்கும் பழைய கார் டேப் ரிக்கார்டர்களை வாங்கும் இடத்திலேயே போட்டுப் பார்க்க, சித்தப்பா ஒரு மரப்பெட்டி செய்திருக்கிறார். உள்ளே பேட்டரியும் பியூசும், வெளியே இரண்டு கிளிப்பும் உண்டு. நேற்று, ஓமலூர் அருகே மரத்தில் மோதிய டாக்சியின் டேப்பை அதில் மாட்டினோம். அந்த டிரைவர் பிழைக்கவில்லையாம்.

"பாட்டு வருதா, பேய் வருதா, பாக்கலாம் சாமி" என்று சித்தப்பா சிரித்தார். உள்ளே சிக்கியிருந்த கேசட், நின்ற இடத்திலிருந்து ஓடியது.

"அப்பா, தூங்கிறாதீங்க. பதினாறெட்டு எத்தனைங்க?"

ஒரு சிறுமியின் குரல். பிறகு, வண்டி ஓட்டும் அவள் அப்பா பதில் சொல்வதற்காக அவள் விட்டிருந்த அமைதி. என்னை அறியாமல் "நூத்தி இருபத்தெட்டு" என்றேன்.

"சரிங்கப்பா!" என்றாள்.

சித்தப்பா கிளிப்பைப் பிடுங்கினார். "அதை அழிச்சுட்டுப் பாட்டு ஏத்திக்கலாம்" என்கிறார். கேசட்டை என் புத்தகப் பையில் ஒளித்திருக்கிறேன். கண்ணை மூடினால் அவள் அடுத்த கணக்கைக் கேட்கிறாள்.

ஓமலூர் டாக்சி ஸ்டாண்டில் அந்த டிரைவரின் வீட்டை விசாரியுங்கள், கேசட்டை அவளிடமே கொடுத்துவிடலாம். வரும்போது என் பழைய போர்வையைக் கொண்டு வாருங்கள். பகலில் வாருங்கள். இரவுச் சவாரி தவிர்க்க முடியாவிட்டால், வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டுங்கள் அப்பா.

யாரோ எழுந்துவிட்டார்கள். விளக்கை அணைக்கிறேன்.

இன்பமேரி