இரண்டு கை கலக்கிய தண்ணீர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். நான் போனை எடுத்தால் அம்மா சமையலறைக் குழாயை மூடிவிடுகிறாள், அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறார். அதனால் நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடையில் ஆள் வராத நேரம் பார்த்து எழுதுகிறேன். கையெழுத்தைக் குறை சொல்லாதே.

இங்கே மனிதர்கள் நலம். குஞ்சுகள்தான் பாடாய்ப் படுத்திவிட்டன. குஞ்சு ஏது என்று விழிக்காதே. நீ ஆணி அடித்துச் செய்து, ஒன்றுமே வளர்க்காமல் விட்டுப் போனாயே ஒரு கூண்டு, அதைக் காலியாகப் பார்க்க முடியவில்லை என்று அம்மா ஒரு பெட்டி கோழிக்குஞ்சு வாங்கி வந்துவிட்டாள். அப்பாவிடம் கேட்கவில்லை. எப்படிக் கேட்பாள்? நீ வெளிநாடு போகும் செய்தி அப்பாவுக்கு முன்பே தெரியும், தனக்கு மட்டும் கிளம்புவதற்கு முதல் நாள்தான் தெரிந்தது என்ற கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. இருவருக்கும் பேச்சு நின்றது உனக்குத் தெரியும். எந்த அளவுக்கு என்று தெரியாது. "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பாள் என்னிடம். அவர் இரண்டடி தள்ளித்தான் நிற்பார். "பசி இல்லைன்னு சொல்லு" என்பார், அவரும் என்னிடம். நடுவில் நான், சம்பளமில்லாத தபால்காரி.

குஞ்சுகள் வந்த சில நாளிலேயே சோர்ந்துவிட்டன. இறக்கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி, மூலையில் ஒண்டிக்கொண்டன. ஒன்றுக்குக் கால் ஊன்றவே முடியவில்லை. கால்நடை டாக்டரம்மா வந்து பார்த்தார். தொற்று எதுவும் இல்லை, தூரப் பயணமும் பழைய தீவனமும் சேர்ந்து சத்துக் குறைந்துவிட்டது என்றார். பல்பு போட்டுக் கதகதப்பாக வைக்கவும், நலிந்ததை மற்றவை மிதிக்காமல் தனியே பிரிக்கவும், புதுத் தீவனத்தோடு அவித்த மஞ்சள் கருவை உதிர்த்துப் போடவும் சொன்னார். குடிக்கிற தண்ணீரில் வைட்டமின் மருந்தை அளவாகக் கலக்க வேண்டும். "சத்துதானேன்னு அள்ளி ஊத்திடாதீங்க" என்று வாசல்வரை போய்த் திரும்பி வந்து சொன்னார்.

"கோழிக்குஞ்சுக்கே கோழி முட்டையா?" என்று அப்பா என்னிடம் கேட்டார். அம்மாவைச் சிரிக்க வைக்கத்தான் என்று எனக்குத் தெரியாதா? அவள் சிரிக்கவில்லை, பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாக வைத்தாள்.

வைத்தியம் நடந்தது, ஆனால் குஞ்சுகள் தேறவில்லை. தண்ணீர்த் தட்டு வைத்தபடியே இருந்தது. கிட்டே போய் அலகை நனைத்ததும் தலையை உதறிக்கொண்டு விலகின. இரண்டு செத்தும் போயின. அம்மா அவற்றைப் பழைய துணியில் சுற்றி எடுத்துப் போனாள். அன்று அவள் சாப்பிடவில்லை. அப்பாவும் சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை என்றார்.

டாக்டரம்மா மறுபடி வந்து தட்டை மோந்து பார்த்தார். ஒரு சொட்டு நாக்கில் வைத்து முகம் சுளித்தார். "இதை எந்தக் குஞ்சு குடிக்கும்? யாரு இவ்வளவு கலக்குறது?" என்று கேட்டார். "நான்தான்" என்றாள் கூண்டருகில் நின்ற அம்மா. "நான்தான்" என்றார் பின்னால் வந்து நின்ற அப்பா. அம்மா காலையில் கலக்கி வைப்பாளாம். அவள் குளிக்கப் போனதும் இவர் போய் அதே தட்டில் இன்னொரு மூடி ஊற்றுவாராம். சாயங்காலமும் இதே கூத்து. வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் அந்த இரண்டும் பிழைத்திருக்கும்.

அப்போதுதான் அம்மா நேராக அப்பாவைப் பார்த்தாள். "நீங்க எதுக்கு ஊத்துனீங்க?" என்றாள். இந்த முறை என் வழியாக இல்லை. "நீ மறந்திருப்பியோன்னு..." என்று அப்பா இழுத்தார். "நான் எதை மறந்திருக்கேன்?" என்று கேட்டாள். அவர் குனிந்து தட்டை எடுத்துத் தண்ணீரைக் கொட்டினார். டாக்டரம்மா பையை எடுத்துக்கொண்டு மெல்ல நழுவிவிட்டார்.

இப்போது தட்டைக் கழுவுவது அப்பா, மருந்து கலக்குவது அம்மா. "குடிச்சுதா?" என்பாள். "குடிச்சுது" என்பார். "மேனேஜர்?" என்று அடுத்த கேள்வி வரும். கால் ஊன்றாத குஞ்சுதான் மேனேஜர். இருந்த இடத்தைவிட்டு அசையாது, எல்லாம் அதனிடம் வந்து சேர வேண்டும். அதனால் அப்பா வைத்த பெயர். அவர் அதைச் சாயாமல் இரு கையாலும் பிடித்துக்கொள்ள, அம்மா விரலில் தண்ணீர் தொட்டு அலகோரம் வைப்பாள். குஞ்சுப் பேச்சைத் தவிர வேறு பேச்சு கிடையாது.

நேற்று மேனேஜர் எழுந்து நின்றுவிட்டது. அம்மா சிரித்தாள். அப்பா குஞ்சைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இந்த வாரத்தோடு வைட்டமினை நிறுத்தலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். குஞ்செல்லாம் தேறிவிட்டால் இவர்கள் எதைப் பேசுவார்கள்?

அதனால் அப்பாவிடம் கேட்டே விட்டேன், நீ வெளிநாடு போவதை அம்மாவிடம் ஏன் மறைத்தீர்கள் என்று. "அவன்தான் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டான். அம்மா அழுதா என்னால கிளம்பவே முடியாதுப்பான்னான்" என்றார். அதையாவது அவளிடம் சொல்லக்கூடாதா என்றேன். "சொன்னா கோபம் அவன்மேல திரும்பும். தூரத்துல இருக்கிற பிள்ளைமேல கோபப்பட்டுட்டு அவளால தூங்க முடியுமா? என்மேலயே இருக்கட்டும். நான் பக்கத்துலதானே இருக்கேன்" என்றார். சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டார்.

எனக்கு உன்மேல் கோபம் வந்தது தம்பி. பிறகு நீ தனியாக அங்கே சமைத்துச் சாப்பிடுவது ஞாபகம் வந்து, கோபம் போய்விட்டது. நான் அம்மாவிடம் வாய் திறக்கக்கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கியிருக்கிறார். உன்னிடம் யாரும் வாங்கவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அம்மாவுக்கு ஒரு போன், அப்பாவுக்கு ஒரு போன் என்று செய்யாதே. காலையில் குஞ்சுக்குத் தண்ணீர் மாற்றும் நேரத்தில் அம்மா போனுக்குக் கூப்பிடு. அவள் கை ஈரமாக இருக்கும். அப்பாதான் போனை எடுத்து அவள் காதில் வைத்துப் பிடிப்பார். அப்போது சொல்.

திட்டுவாள், வாங்கிக்கொள். வேளைக்குச் சாப்பிடு. எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா