நீ அனுப்பிய பென்சில் முகம்

பெருங்களத்தூர்,
ஞாயிறு மதியம்

அன்பு மகன் ஆரோனுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம், அந்த ஜெர்மனிக் குளிரில் உன்னையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும். நீ வரைந்து அனுப்பிய படம் கசங்காமல் வந்து சேர்ந்தது. அது யார் என்று ஒரு வரிகூட நீ எழுதவில்லை, போனில் கேட்டால் சும்மா வரைஞ்சேம்ப்பா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் இதை எழுதி வாட்ஸ்அப்பில் போட்டோ பிடித்து அனுப்புகிறேன்.

அந்தப் பெண் சிரிக்கிறாளா, அழப்போகிறாளா என்றே எங்களுக்குப் பிடிபடவில்லை. காலையில் சிரிப்பு மாதிரி இருக்கிறது, சாயந்தரம் லைட் போட்டால் வாய் இறங்கிவிடுகிறது. ஒரு கண்ணை அவ்வளவு நன்றாக வரைந்துவிட்டு மற்றதை ஏன் நிழலில் விட்டாய், பென்சில் தீர்ந்துவிட்டதா? பேபி அத்தை, இன்னாண்ணா, இந்தப் பொண்ணு எதையோ மறைக்குதே என்றாள். எனக்கோ கோபக்காரி என்று பட்டது. பிரேம் போடக் கொடுத்தால் கடைக்காரர், தோற்றம் மறைவு தேதி போடணுமா சார் என்கிறார். கறுப்பு வெள்ளை முகம் என்றாலே அவருக்கு அதுதான். வேண்டாம் என்று வாங்கிவந்து ஹாலில் மாட்டினேன். வீட்டு ஜெபத்துக்கு வந்த ரோஸி டீச்சர் அதைப் பார்த்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் ஜெபமே ஆரம்பித்துவிட்டார். அம்மா பதறிப்போய், ஐயோ, உசுரோட இருக்கிற பொண்ணு டீச்சர் என்று நிறுத்தினாள். யாரு அது என்று அவர் கேட்க, அம்மா காபி போட உள்ளே போய்விட்டாள், நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன்.

இப்போது என் கவலை வேறு. மாடம்பாக்கம் ஏசுபாதம் சார், தன் மகள் ஜீவிதாவை உனக்குப் பேச அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வருகிறார். நான் படத்தைக் கழற்றவா, அவரை வரவேண்டாம் என்று சொல்லவா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா மட்டும் நேற்று அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, முடியை ஒண்ணொண்ணா வரைஞ்சிருக்கான், அதுவரைக்கும் இவ அசையாம அவனுக்காக உக்காந்திருக்காளே என்றாள். அதற்குப் பிறகு அந்த முகத்தில் எனக்குக் கோபம் தெரியவில்லை. போன தடவை நீ காய்ச்சலில் தனியாகக் கிடந்தாய் என்று நாங்கள் இங்கே அழுதோமே, அப்போது இவள் பக்கத்தில் இருந்தாளா?

காதை மூடிக்கொண்டு வெளியே போ, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. தேவன் உன் கைவேலையை ஆசீர்வதிக்கட்டும். சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும், மறக்காதே. குடும்ப ஜெபத்தில் அம்மா உன் பெயரைச் சொன்ன கையோடு அந்தப் பிள்ளைக்காகவும் ஜெபிக்கத் தொடங்கிவிட்டாள், என்ன பெயர் சொல்வது என்று தெரியாமல் அந்த இடத்தில் நின்று நின்று போகிறாள். அவள் பெயரையாவது எழுது, ராசா.

உன் அப்பா,
அசரியா